ஒரே கூரை, தனி அடுப்பு

செட்டிநாட்டு நகரத்தார் வீடுகளில், மகனுக்குக் கல்யாணம் முடிந்து கொஞ்ச காலம் போனதும் ஒரு நல்ல நாள் பார்ப்பார்கள். அன்று மாமியார் புது மருமகளிடம் பானை, சட்டி, அரிசி, பருப்பு, எண்ணெய், புளி எல்லாம் எடுத்துக் கொடுத்து, பின்கட்டில் ஓர் அடுப்பைக் காட்டுவார். அன்றிலிருந்து மகனும் மருமகளும் அந்த அடுப்பில்தான் பொங்கிச் சாப்பிட வேண்டும். வீடு அதே வீடு. வாசலும் கிணறும் சாமி அறையும் எல்லாருக்கும் பொது. ஆனால் தாய் தகப்பனுக்கு ஓர் அடுப்பு, மூத்த மகனுக்கு ஓர் அடுப்பு, இளையவனுக்கு இன்னொன்று. இந்தச் சடங்குக்கு ‘வேறு வைத்தல்’ என்று பெயர்.

கூட்டுக் குடும்பம் என்றால் ஒரே உலை என்று பழகிய மற்ற ஊர்க்காரர்களுக்கு இது மனசுக்கு ஒட்டாத வழக்கமாகத் தோன்றியது. தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி 1909இல் ஏழு தொகுதிகள் வெளியிட்ட எட்கர் தர்ஸ்டனும், நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் என்றும் அழைக்கப்படும் இந்த நகரத்தாரைப் பற்றி எழுதும்போது, ஒரே வீட்டில் இருந்துகொண்டே கல்யாணமான பிள்ளைகள் தனித்தனியாகச் சமைப்பதைக் குறித்து வைத்திருக்கிறார். பெற்ற தாயே பிள்ளையின் இலையைத் தன் பந்தியிலிருந்து எடுத்துவிடுகிறாளே, இதில் பாசம் எங்கே என்று கேட்கத் தோன்றும். ஆனால் அந்த ஊர்களின் கடந்த இருநூறு ஆண்டுக் கதையைக் கொஞ்சம் நின்று பார்த்தால், பாசம் அந்த அடுப்புக்குள்ளேதான் இருந்தது என்பது தெரியும்.

வேறு வைக்கிற அன்று வெறும் பாத்திரம் மட்டும் கை மாறவில்லை. ஒரு வருஷத்துக்கு அந்தச் சிறு குடும்பத்துக்கு எவ்வளவு நெல், எவ்வளவு செலவுப் பணம் என்று பெரியவர்கள் கணக்கிட்டுக் கொடுத்துவிடுவார்கள். அதற்குள் வாழ வேண்டும். மிச்சம் பிடித்தால் அது அவர்களுடையது. முதலாளி வீட்டுப் பிள்ளை என்பதற்காகக் கேட்டபோதெல்லாம் அள்ளிக் கொடுப்பதில்லை. பதினாறு, பதினேழு வயதுப் பெண் ஒருத்தி வந்த வருஷமே வரவு செலவு எழுதப் பழகினாள். மாமியார் பத்தடி தள்ளித் தன் அடுப்படியில் இருந்தாள். உப்புக் கூடிப்போனால் ஓடிப்போய்க் கேட்கலாம். கேட்காத வரைக்கும் பெரியவள் தலையிடுவதில்லை. திருவிழா, விசேஷம், விருந்து என்றால் எல்லாரும் ஒரே பந்தி.

பிள்ளைகளைக் கோயில் கணக்கில் சேர்த்ததும் இப்படித்தான். கல்யாணமான ஆண்மகன் தன் குடும்பத்தோடு ஒரு ‘புள்ளி’ ஆகிறான். ஊர்க் கோயிலுக்குப் புள்ளி வரி கட்டுகிறான். நகரத்தாருக்கு இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்கோயில், நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என்று ஒன்பது நகரக் கோயில்கள். அவரவர் சேர்ந்த கோயிலிலிருந்து மாலை வந்தால்தான் கல்யாணம் கல்யாணமாகும். பொதுவாக ஒரே கோயிலைச் சேர்ந்தவர்களுக்குள் பெண் கொடுக்கல் வாங்கல் இல்லை. ஆக மகனின் கல்யாணத்தோடு ஊரும் கோயிலும் அவனைத் தனி ஆளாக எழுதிக்கொள்கின்றன. வீட்டுக்குள் தாய் அதையே அடுப்பு மூலம் செய்கிறாள்.

இத்தனை அவசரமாக ஏன் தனியாக்க வேண்டும்? காரணம் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

1852இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் கைக்கு வந்தது. ஐராவதி டெல்டாவில் காட்டை அழித்து நெல் போட்ட விவசாயிகளுக்குக் கடன் தேவைப்பட்டது. கொடுக்கச் செட்டியார்கள் போனார்கள். இலங்கை, மலாயா, சைகோன் என்று வேறு திசைகளிலும் கடைகள் விரிந்தன. 1929-30இல் பர்மா வங்கி விசாரணைக் குழு கணக்கெடுத்தபோது அங்கே 1,600க்கும் மேற்பட்ட செட்டியார் கடைகள் இருந்தன. ரங்கூன் முகல் தெருவில் ‘கிட்டங்கி’ என்று சொல்லப்பட்ட நீண்ட கூடங்களில், தரையில் பெட்டியடி என்ற கைப்பெட்டியைப் போட்டு உட்கார்ந்து, தொழிலும் தூக்கமும் சாப்பாடும் எல்லாம் அங்கேயே. இந்தப் பயணத்தை அவர்கள் ‘கொண்டுவிக்கப் போவது’ என்றார்கள். கடையைப் பார்க்கப் போகிற ஆளுக்குத் தவணை பொதுவாக மூன்று வருஷம். பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவது அரிது.

பிள்ளை எழுத்துப் பழகும் வயதிலேயே மனக்கணக்கும் வட்டிக் கணக்கும் பழகினான். மீசை முளைக்கும் முன்பே பெட்டியடிப் பையனாகக் கப்பல் ஏறியவர்கள் உண்டு. அவன் அங்கிருந்து படிப்படியாக அடுத்தாளாகி, மேலாளாகி, பிறகு சொந்தக் கடை போட வேண்டும். தாய்க்கு அவன் கைக்குழந்தையாக இருக்கும்போதே இது தெரியும். கணவனை இப்படி அனுப்பிவைத்தவள், மகனையும் அனுப்பப் போகிறவள் அவள். மூன்று வருஷம் கழித்து வருகிற மகன், விட்டுப் போன பையனாக இருக்க மாட்டான். மாமியாரின் அடுப்பையே நம்பியிருக்கும் மருமகள் அந்த மூன்று வருஷத்தைத் தாக்குப்பிடிக்கவும் மாட்டாள். மகன் ஊரில் இருக்கும்போதே அவர்களைச் சொந்தக் காலில் நிறுத்திவிடுவதுதான் அந்தத் தாய் செய்யக்கூடிய பெரிய உபகாரம். இந்தக் கட்டாயத்தை நினைக்காமல் வேறு வைத்தலைக் கஞ்சத்தனமான கணக்கு என்று தள்ளிவிடுவது அநியாயம்.

ஊர்கள் அப்போது பெண்களின் ஊர்களாக இருந்தன. வீட்டைக் கட்டும் மேஸ்திரியோடு பேசியவர்களும், வயல் குத்தகை வாங்கியவர்களும், கோயில் பங்காளிகளோடு முறை பேசியவர்களும் பல வீடுகளில் ஆச்சிமார்தான். கடுதாசிகள் ‘சிவமயம்’ என்று தலைப்பிட்டுப் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தன. எழுதத் தெரியாத ஆத்தாக்கள் கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டுச் சொல்லி எழுதினார்கள். மகனிடம் நேரே சொல்ல நினைத்ததையெல்லாம் மூன்றாம் மனிதர் கையால் எழுதவைப்பது எவ்வளவு கடினம்! அதனால்தானோ என்னவோ, பலகாரம் நிறையப் பேசியது. சீடையும் முறுக்கும் தேன்குழலும் வற்றலும் ஊறுகாயும் தகர டின்களிலும் ஜாடிகளிலும் அடைபட்டுக் கப்பல் ஏறின. அங்கிருந்து தேக்கும், மரவை என்று இவர்கள் சொல்லும் அரக்குப் பூசிய பெட்டிகளும், கவுனி அரிசியும் வந்தன. பர்மாவிலிருந்து வந்த அந்தக் கறுப்பரிசி இன்றைக்கும் செட்டிநாட்டு விருந்தில் இனிப்பாக இலையில் விழுகிறது.

வீடுகளின் அமைப்பிலும் இந்தப் பாசம் கல்லாகவும் மரமாகவும் நிற்கிறது. ஒரு தெருவில் முகப்பு, பின் தெருவில் கொல்லை வாசல் என்று நீளும் வீட்டின் நடுவே வளவு. வானம் பார்த்த அந்த முற்றத்தைச் சுற்றிலும் வரிசையாக அறைகள். ஒவ்வொரு கல்யாணமான மகனுக்கும் ஓர் அறை. ஆட்கள் புழங்குவதெல்லாம் சுற்றுத் தாழ்வாரமான பத்தியிலும் முற்றத்திலும்தான்; அறை என்பது அந்தப் புள்ளியின் பெட்டி பேழை, பாத்திரம், நகைநட்டு இருக்கும் இடம். மகன் சைகோனில் இருந்தாலும் அறை அவனுடையது. பூட்டியே கிடந்தாலும் அவனுடையது. பேரன், கொள்ளுப்பேரன் காலத்திலும் அந்த உரிமை போகவில்லை. எத்தனையோ வளவு வீடுகளில் இன்று முப்பது நாற்பது பங்காளிகள். ஆள் இல்லாவிட்டாலும் அறை இருக்கிறது. கல்யாணம் என்றால் வந்து திறக்கிறார்கள்.

மகனுக்கு அறை என்றால் மகளுக்குச் சாமான். பெண் குழந்தை பிறந்த வருஷமே ஆத்தா சேர்க்கத் தொடங்கிவிடுவாள். பித்தளை அண்டா, வெண்கலப் பானை, வெள்ளிக் கும்பா, குத்துவிளக்கு, ஐரோப்பாவிலிருந்து வந்த மங்குச் சாமான், பர்மா மரவை, பனையோலைக் கொட்டான், கடகாம். நவராத்திரியோ சந்தையோ எது வந்தாலும் ஒன்றிரண்டு கூடும். பிறகு எவர்சில்வர் வந்தது. அதுவும் டஜன் கணக்கில் சேர்ந்தது. கல்யாணத்தன்று வளவு முழுக்கச் சாமான் பரப்பினார்கள். ஊசி நூல், விளக்குமாறு வரை அதில் இருக்கும். அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்க முடியாத தூரத்தில் ஒரு பெண் குடும்பம் நடத்தும்போது எது இல்லாமல் தவிப்பாளோ, அதையெல்லாம் பதினைந்து வருஷமாக ஒருத்தி யோசித்து வைத்திருக்கிறாள் என்பதற்கு அந்தப் பரப்பே சாட்சி.

கொடுத்த ஒவ்வொன்றும் எழுத்தில் ஏறியது. கல்யாணத்துக்கு இரு வீட்டாரும் ஒப்புக்கொண்டு கையெழுத்திடும் இசைகுடிமானம் ஒரு பக்கம். மொய்ப்பண ஏடு இன்னொரு பக்கம். இன்ன விசேஷத்துக்கு இன்னது என்று சொல்லும் முறைச் சிட்டை வேறு. பெண்ணுக்குக் கொடுத்த ரொக்கத்தைக் கடையில் போட்டு வட்டி ஏற்றினார்கள். நகரத்தார் கடைகளின் முதலைப் பற்றி ஆராய்ந்த டேவிட் ரட்னர், அதில் ‘ஆச்சிமார் பணம்’ என்று தனித் தலைப்பே இருந்ததைக் காட்டுகிறார். பெண்களின் சொத்துரிமையைப் பற்றி 1998இல் நூல் எழுதிய ஜப்பானிய மானுடவியலாளர் யூகோ நிஷிமுராவுக்கும் இதே இடம்தான் ஆர்வமூட்டியது. ரங்கூனில் சுழன்ற கோடிகளுக்குள் எங்கோ ஓர் ஆத்தா தன் மகளுக்கு என்று ஒதுக்கிய சில ஆயிரங்களும் சுழன்றுகொண்டிருந்தன.

இதற்கு ஒரு கசப்பான பக்கமும் இருந்தது. அதை மறைத்துவிட்டு இந்த வழக்கத்தைப் போற்றக் கூடாது. கல்யாணத்தோடு சீர் நிற்பதில்லை. பொங்கல், தீபாவளி, வளைகாப்பு, பேரப்பிள்ளைக்குக் காது குத்து, பிறகு மாப்பிள்ளைக்கு அறுபதாம் கல்யாணம் வரை தாய்வீட்டிலிருந்து போய்க்கொண்டே இருக்க வேண்டும். ஆசையாகச் சேர்த்தது ஒரு கட்டத்தில் கடமையானது, கடமை பேரமானது. வீட்டுக்கு வீடு பரப்புச் சாமானை எண்ணிப் பார்த்த கண்கள், இல்லாத வீட்டுத் தாய்களைத் தூங்கவிடவில்லை. 1961இல் வரதட்சிணைத் தடைச் சட்டம் வந்தது. 1956இன் இந்து வாரிசுரிமைச் சட்டம் தகப்பன் விட்டுப்போன சொத்தில் மகளுக்கும் பங்கு தந்தது. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு என்ற திருத்தத்தைத் தமிழ்நாடு 1989இல் கொண்டுவந்தது. நாடு முழுவதற்கும் அது 2005இல் வந்தது. வளவு அறைகளில் மகளுக்கும் பங்குண்டு என்பது சட்டத்தில் எளிதாக எழுதப்பட்டுவிட்டது. பங்காளிகள் மனசில் அது ஏறப் பல ஆண்டுகள் ஆயின.

பெற்ற பிள்ளையையே கொடுத்துவிடுவது இன்னும் கடினமான காரியம். வாரிசு இல்லாத வீட்டுக்குப் பிள்ளை கொடுப்பதை நகரத்தார் ‘பிள்ளை கூட்டுதல்’ என்பார்கள். பெரும்பாலும் அதே கோயில் பிரிவிலிருந்து, சில சமயம் வளர்ந்து ஆளான பையனையே கூட்டுவார்கள். கணவனை இழந்த ஆச்சி ஒருத்தியின் வீட்டில் விளக்கு எரிய வேண்டும், கடை நடக்க வேண்டும், அவளுக்குக் கொள்ளி வைக்க ஒரு மகன் வேண்டும் என்பதற்காக நாலைந்து பிள்ளை பெற்ற இன்னொருத்தி ஒருவனை விட்டுக்கொடுத்தாள். இதில் பணமும் கை மாறியது.

இந்த வழக்கத்தால் இடம் மாறிய பிள்ளைகளில் தமிழர்கள் எல்லாருக்கும் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார். சிறுகூடல்பட்டியில் 1927 ஜூன் 24 அன்று சாத்தப்பனுக்கும் விசாலாட்சி ஆச்சிக்கும் பிறந்த முத்தையா, பத்துப் பிள்ளைகளில் எட்டாவது. அவரைச் சிகப்பி ஆச்சி என்பவர் சுவீகாரம் எடுத்துக்கொண்டார். பெற்ற வீட்டுக்கு 7,000 ரூபாய். பெயர் நாராயணன் ஆயிற்று. பின்னால் அவரே கண்ணதாசன் என்று புனைபெயர் வைத்துக்கொண்டார். பெற்றவள் ஒருத்தி, வளர்த்தவள் ஒருத்தி என்று இரண்டு தாய்களுக்கு இடையில் வளர்ந்த அந்தப் பிள்ளை தமிழ்த் திரைக்கு எழுதிய பாடல்களில் தாய் அத்தனை தடவை வருவதை, இந்தப் பின்னணி தெரிந்தவர்கள் தற்செயல் என்று எடுத்துக்கொள்ள முடியாது. விலை பேசியதை வைத்து விசாலாட்சி ஆச்சிக்குப் பாசம் இல்லை என்று யாராவது சொல்லலாம். பத்து வயிற்றுக்குச் சோறு போட வேண்டிய தாய் ஒரு வயிறாவது நிறைந்திருக்கட்டும் என்று நினைப்பதைப் பாசத்தில் சேர்க்காமல் வேறு எதில் சேர்ப்பது?

1930களின் உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தது. கடன் திரும்பவில்லை, ஈடாக வைத்த நிலம் வந்து சேர்ந்தது. அந்தப் பத்தாண்டின் முடிவுக்குள் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. பணத்தைக் கேட்டவர்களுக்குச் சேறு கிடைத்தது, பர்மியர்களின் கோபமும் சேர்ந்து கிடைத்தது. 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூன்மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. 1942 மார்ச்சில் நகரம் விழுந்தது. லட்சக்கணக்கான இந்தியர்கள் கப்பலிலும், கிடைக்காதவர்கள் அரக்கான் மலை வழியாகவும் மணிப்பூர்க் காட்டு வழியாகவும் ஊர் திரும்பினார்கள். வழியில் காலராவுக்கும் பசிக்கும் பல்லாயிரம் பேர் பலியானார்கள். அந்த மாதங்களில் செட்டிநாட்டு வீடுகளில் கடுதாசி நின்றுபோயிற்று. எந்தக் கப்பலில் யார் வந்தார்கள் என்று வந்தவர்களிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்வதே அப்போது ஆத்தாக்களின் வேலையாக இருந்தது.

சண்டை முடிந்தும் பழைய காலம் திரும்பவில்லை. சுதந்திர பர்மா 1948இலேயே நிலத்தைத் தேசியமாக்கச் சட்டம் போட்டது. நே வின்னின் ராணுவ ஆட்சி 1963இல் வங்கிகளையும் எடுத்துக்கொண்டது. தேக்குத் தூணும் இத்தாலியப் பளிங்கும் பெல்ஜியம் கண்ணாடியும் உள்ள வீடுகளில், வருமானம் இல்லாத குடும்பங்கள். அப்போது உதவிக்கு வந்தது ஆத்தாக்கள் சேர்த்து வைத்ததுதான். முதலில் நகை போயிற்று, பிறகு வெள்ளி. அடுத்து அண்டாவும் மரவையும் மங்குத் தட்டும் ஜாடியும் வண்டி ஏறின. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் இன்றைக்கும் பழம்பொருள் கடைகள் வரிசையாக உள்ளன. எந்த மகளுக்காகவோ சேர்த்த அடுக்குகளைச் சென்னை, மும்பை ஓட்டல்காரர்களும் வெளிநாட்டவரும் அங்கே விலை பேசுகிறார்கள். அவற்றை விற்ற காசில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் என்ஜினீயரும் டாக்டரும் ஆடிட்டரும் ஆனார்கள். சேர்த்தவள் நினைத்த வழியில் அது மகளுக்குப் போய்ச் சேரவில்லை என்றாலும், குடும்பத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

சேர்ப்பதற்குப் பயன்பட்ட கொட்டானே அழிந்துபோக இருந்தது. விசாலாட்சி ராமசாமியும் எம்.ஆர்.எம்.ஆர்.எம். பண்பாட்டு அறக்கட்டளையும் கிராமத்துப் பெண்களுக்குப் பனையோலை முடையப் பயிற்சி கொடுத்து அதை மீட்டெடுத்தார்கள். இன்று கல்யாணத் தாம்பூலத்துக்குக் கொட்டான் கேட்டு மற்றச் சாதியாரும் வருகிறார்கள். செட்டிநாட்டுக் கிராமத் தொகுதி 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் ஏறியது. வீடுகளைப் பற்றி இப்படி நிறையப் பேசுகிறோம். அவற்றுக்குள் பல பத்தாண்டுகள் தனியாக இருந்து எல்லாவற்றையும் கட்டிக் காத்த பெண்களைப் பற்றி இன்னும் போதுமான அளவு எழுதவில்லை. வெளியே வராத கடிதக் கட்டுகளும் முறைச் சிட்டைகளும் எத்தனையோ பெட்டிகளில் கரையான் அரித்துக்கொண்டிருக்கின்றன. சுற்றுலா வழிகாட்டி ஆத்தங்குடித் தரைக்கல்லைக் காட்டுவதற்கு முன்னால் யாராவது அந்தப் பெட்டிகளைத் திறக்க வேண்டும்.

இந்தப் பெண்களின் வழக்கங்களில் இன்றும் உயிரோடு இருப்பது பிள்ளையார் நோன்பு. கடலில் புயலில் மாட்டிய நகரத்தார் பிள்ளையாரை வேண்டிக் கரை சேர்ந்தார்கள் என்று அதற்குக் கதை சொல்வார்கள். திருக்கார்த்திகையில் தொடங்கி, புது வேட்டியிலிருந்து நாளுக்கு ஒன்றாக 21 இழை எடுத்துச் சேர்த்து, சஷ்டித் திதியும் சதய நட்சத்திரமும் கூடும் நாளில் அதைத் திரியாக்கி, மாவில் பிடித்த பிள்ளையாரில் வைத்து ஏற்றுவார்கள். வீட்டில் மூத்தவர் ஒவ்வொருவருக்கும் சுடரோடு எடுத்துக் கொடுக்க, வாங்குகிறவர் அப்படியே விழுங்க வேண்டும். வேறு வைத்த பிள்ளைகள், மருமகள்கள், பேரன் பேத்திகள் எல்லாரும் அன்று ஒரே வளவில் வரிசையில் நிற்பார்கள். கருப்பட்டிப் பணியாரமும் பொரியும் அன்றைக்குப் பொது.

இப்போது அந்த வரிசை பல ஊர்களில் நிற்கிறது. சென்னை, கோலாலம்பூர், சிங்கப்பூர், லண்டன், அமெரிக்க நகரங்கள் என்று நகரத்தார் சங்கம் உள்ள இடமெல்லாம் வாடகை மண்டபத்தில் நோன்பு நடக்கிறது. பெற்றவர்கள் காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இருக்க, வேலைக்கு வந்த இளைஞனுக்கும் படிக்க வந்த பெண்ணுக்கும் அங்கே கூடியவர்களில் வயதில் மூத்த ஆச்சியோ செட்டியாரோ இழை எடுத்துக் கொடுக்கிறார். எந்தக் கோயில், எந்த ஊர் என்று விசாரித்துவிட்டுத்தான் கொடுக்கிறார்கள். பாதி நேரம் ஏதாவது ஒரு வழியில் சொந்தமாகவும் இருந்துவிடுகிறது.